ரம்பத்தின் அலகு வளைவது ஏன்?

பூ, கொடி, பின்னல் முதலிய நுண்ணிய வடிவங்களைப் பலகையில் அறுத்தெடுக்க, 'ஸ்க்ரோல் சா' எனப்படும் சிறு மின்ரம்பத்தை நம் தச்சர்களுள் சிலர் இன்று பயன்படுத்தி வருகின்றனர். சுமார் ஐந்து அங்குல நீளமுள்ள அதன் மெல்லிய அலகு அடிக்கடி வளைந்து போவதே அவர்களுக்குப் பெருங்குறை.

சங்கரன்கோவில் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில், பூஜையறைக் கதவு செய்யும் தச்சர் ஒருவர் ஒரே நாளில் ஏழு அலகுகளை இழந்து, "சரக்கு மட்டம், ஐயா" என்று வருந்தினார். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஏழும் மேற்பிடிக்குச் சற்றுக் கீழேதான் வளைந்திருந்தன. பிடிக்குள் இறுகியிருந்த மரத்தூளைத் துடைத்து, புதிய அலகை நேராகப் பொருத்தினோம். அது மாலைவரை உழைத்தது. குற்றம் சரக்கில் இல்லை என்பது அப்போது விளங்கிற்று.

ஆதலின், கெட்ட அலகை எறியுமுன் அது வளைந்த இடத்தை நோக்குக. காரணத்தை அதுவே காட்டும்.

1. பிடியின் அருகே வளைந்திருந்தால், பிடியில் தூசு இருக்கலாம். அல்லது மேற்பிடியும் கீழ்ப்பிடியும் ஒரே நேர்கோட்டில் இல்லாதிருக்கலாம். மூலைமட்டத்தை வைத்துச் சோதிக்க.

2. நடுவில் பின்புறமாக வளைந்திருந்தால், அலகின் இழுவிசை குறைவு. அல்லது பலகையை மிகுந்த வேகத்தில் தள்ளியிருப்பீர்கள். மின் இணைப்பை நீக்கியபின் அலகைச் சுண்டினால், தந்திபோல் தெளிவான ஒலி எழ வேண்டும். இழுவிசை அளவு மீறினாலோ அலகு முறிந்துவிடும்.

3. முறுக்கியிருந்தால், அகன்ற அலகைக் கொண்டு குறுகிய வளைவில் திருப்பியதே காரணம். அத்தகைய வேலைக்கு ஒடுங்கிய அலகை மாற்றிக் கொள்க.

4. நடுவில் மடங்கியிருந்தால், அலகு மேலேறும்போது பலகையும் உடன் எழும்பியிருக்கும். அலகின் பற்கள் கீழ்நோக்கி உள்ளனவா என்று பார்த்து, பலகையை மேடையோடு அழுத்திப் பிடிக்க.

மழுங்கிய அலகு மெதுவாகவே அறுக்கும். அதை ஈடுகட்டக் கை தானாகவே வலிந்து தள்ளும். ஆகவே மழுங்கியதை உரிய காலத்தில் மாற்றுவதே சிக்கனம். வளைந்ததை நிமிர்த்தி மீண்டும் பூட்டுதல் கூடாது. அது ஓட்டத்தில் முறிந்து தெறித்தால் கண்ணுக்கே ஊறு நேரும். கண்ணாடி அணியாமல் இயந்திரத்தின்முன் அமரலாகாது.

ஏழு அலகின் விலை ஒரு நாள் கூலியில் கணிசமான பங்கு. பிடியைத் துடைக்கவோ இரண்டு நிமிடம் போதும். பட்டறையில் பணிபழகும் இளைஞர்க்கு இச்சோதனையை முதற்பாடமாகக் கற்பித்தல் மூத்த தச்சர்களின் கடமையாகும்.