மூன்றாம் காட்சியை எடுத்துவிடு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய நாடகப் பிரதியை இரண்டு முறை படித்தேன். வரிக்கு வரி கோபம் இருக்கிறது. அது துளியும் குறையக் கூடாது. ஆனால் நான்கு பையன்கள் ஒரு பெண்ணை வளைத்து நின்று துப்பட்டாவை உருவுகிற அந்த மூன்றாம் காட்சி வேண்டாம் கண்ணு.

தொண்ணூறுகளில் நாங்கள் ஊர் ஊராக வீதி நாடகம் போட்டபோது எங்களிடமும் இதே காட்சி இருந்தது. ஒரு சாயங்காலம், பேருந்து நிலையத்தில் நாடகம் நடந்தது. எங்கள் நடிகையின் முந்தானையில் பையனாக நடித்தவன் கை பட்டதும் கூட்டத்திலிருந்து விசில் பறந்தது. அவள் வசனத்தை விடாமல் சொன்னாள். விரல்கள் மட்டும் முந்தானையை இறுகப் பற்றியிருந்தன. ஒத்திகையில் அப்படி அவள் பற்றியதே இல்லை. முடிந்ததும், கொய்யாக்காய் கூடையோடு நின்ற ஓர் அம்மா கேட்டார்: "அவனுக இழுக்கிறது பத்தாதுன்னு நீங்களும் ஏம்மா இழுக்குறீங்க?"

அன்றிரவே மாற்றினோம். பெண் பாத்திரமே இல்லை. டீக்கடை பெஞ்சில் நான்கு ஆண்கள். கூட்டத்தில் ஒரு பெண் நடந்து போவதாக நினைத்து, மேலும் கீழும் பார்த்து, தினமும் பேசுவதையே பேசுவார்கள். அந்தப் பார்வை தங்கள் மேல் ஊர்ந்தபோது விசிலடிக்கக் கூட்டத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. நம் நாடகம் தோலுரிக்க வேண்டியது அந்தப் பார்வையைத்தான்.

சிலி நாட்டில் 'லாஸ் தெசிஸ்' என்ற பெண்கள் குழு 2019 நவம்பரில் வால்பரைசோ தெருவில் செய்ததைத் தேடிப் பார். கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று பாடுவார்கள். நடுவில் குந்தி எழுவார்கள். கைதான பெண்களைச் சோதனை என்ற பெயரில் போலீஸ் நிர்வாணமாகக் குந்தவைத்ததை அது சொன்னது. உடையில் யாரும் கை வைக்கவில்லை. போலீசையும் நீதிபதிகளையும் அதிபரையும் பாட்டிலேயே கைநீட்டிக் குற்றம் சாட்டினார்கள். சில வாரங்களில் பல நாட்டுப் பெண்கள் அதைத் தங்கள் தெருக்களில் ஆடினார்கள்.

இன்னொன்று. நிஜத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் ஊரையும் கல்லூரியையும் அப்படியே எழுதியிருக்கிறாய். மாற்று. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. சட்டம் கிடக்கட்டும், அவளுடைய அம்மா அந்தக் கூட்டத்தில் நிற்கக்கூடும்.

நாடகம் போடப்போவதைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள். போலீஸ் நாடகப் பிரதியைக் கேட்டால் தயங்காமல் பேசு. நாடகங்களைக் கட்டுப்படுத்திய 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளை, பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

நாடகம் முடிந்ததும் பறையைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். எல்லோரும் கலைந்த பிறகு, தன் கதையைச் சொல்ல ஒருத்தி தயங்கி நிற்பாள். எங்களுக்கு ஊருக்கு ஒருத்தியாவது இருந்தாள்; கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பல பேரைக் கேட்காமலே வந்துவிட்டோம். உங்களில் இருவர் அரை மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள். 181 உதவி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருங்கள். அவள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்,
அத்தை