தங்கிவிடும் மின்னூட்டம்

சென்ற ஆண்டு இயற்பியல் செய்முறை வகுப்பில் ஒரு மின்தேக்கியிடம் நான் ஏமாந்து போனேன். நேர்த்திசை மின்னழுத்தத்தில் நெடுநேரம் இருந்த அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தேன். பொறி பறந்து அடங்கியது. கம்பியை எடுத்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். சில நிமிடங்கள் கழித்து முனையைத் தொட்டபோது கை உதறிக்கொண்டது.

ஆசிரியர் சிரித்தார். "தகட்டில் இருந்ததை எடுத்துவிட்டாய். நடுவிலுள்ள பொருளுக்குள் இருந்ததை எடுத்தாயா?" என்று கேட்டார். அதற்கு விடை தேடப் போய்த்தான் உயர் அழுத்தக் கேபிள்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது.

மின்காப்புப் பொருள் மின்சாரத்தைக் கடத்தாது என்று படிக்கிறோம். மிகமிகக் குறைவாகக் கடத்தும் என்பதே சரி. பாலித்தீன் போன்ற பலபடிப் பொருளில் எலெக்ட்ரான் எளிதில் நுழைவதில்லை. நுழைந்தால் எளிதில் வெளியேறுவதும் இல்லை. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுங்கிய பகுதியும் குழம்பிக் கிடக்கும் பகுதியும் சந்திக்கும் இடங்களில் அது சிக்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இதனை ஸ்பேஸ் சார்ஜ் என்பர். 'வெளி மின்னூட்டம்' என்றால் வெளியே இருப்பது என்ற மயக்கம் வரும். ஆகவே 'தங்கு மின்னூட்டம்' என்றே எழுதுகிறேன். தமிழ்த்துறையினர் பொறுத்தருள்க!

மாறுதிசை மின்னோட்டத்தில் இத்தொல்லை பெரிதாவதில்லை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. 10 மில்லி நொடிக்கு ஒருமுறை திசை மாறுகிறது. நுழையப் பார்த்த மின்னூட்டம் மறுகணமே திரும்ப இழுக்கப்படுகிறது. நேர்த்திசையிலோ மாதக்கணக்காக ஒரே பக்கத் தள்ளல்தான்.

எவ்வளவு தங்கினால் ஆபத்து? நானே கணக்கிட்டுப் பார்த்தேன். பாலித்தீனின் ஒப்பு விடுதிறன் ஏறத்தாழ 2.3. 1 மி.மீ. தடிப்புள்ள அடுக்கில் கன மீட்டருக்கு 1 கூலும் வீதம் மின்னூட்டம் தங்கினால், அவ்வடுக்கின் இரு பக்கங்களுக்கிடையே மின்புலம் மி.மீ.க்கு 49 கிலோவோல்ட் அளவு மாறிவிடுகிறது. கேபிளை வடிவமைக்கும்போது ஏற்கும் புலமோ மி.மீ.க்கு 20 கிலோவோல்ட் என்ற அளவினதே. கன மீட்டருக்கு 1 கூலும் என்றால், பாலித்தீன் சங்கிலியின் ஏறத்தாழ 630 கோடிக் கண்ணிகளுக்கு ஒரே ஓர் எலெக்ட்ரான்! விடை வந்தபோது எங்கோ சுழியைத் தவற விட்டேனோ என்று இருமுறை சரிபார்த்தேன்.

மின்னூட்டம் மின்முனையிலிருந்து மட்டும் வருவதில்லை. பாலித்தீன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கப் பெராக்சைடு சேர்ப்பர். அது சிதைந்து அசிட்டோபீனோன் முதலான எச்சங்களை விட்டுச் செல்கிறது. இவையும் மின்னூட்டம் தங்கத் துணைபோகின்றன. ஆகவே கேபிளை வெப்ப அறையில் நாட்கணக்கில் வைத்து அவற்றை வெளியேற்றுவர். வெப்பமும் தன் பங்கைச் செய்கிறது: கடத்தியை ஒட்டிய பகுதி சூடாகி அதிகம் கடத்த, மின்புலத்தின் சுமை வெளிப்புற அடுக்குக்கு நகர்கிறது.

உண்மையான கண்டம் திசை மாறும்போதுதான். கடத்தியின் அருகே அதே இனத்து மின்னூட்டம் தங்கி, 20 ஆக இருக்கவேண்டிய புலத்தை 12 ஆகக் குறைத்திருப்பதாகக் கொள்வோம். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் முனைகளைத் திடீரென மாற்றினால், உள்ளே தங்கியது உடனே கலையாது. முன்பு கழிந்த 8 இப்போது கூடி, 28 ஆகிறது.

சுவீடனின் காட்லாந்துத் தீவு வரலாறு இதற்குச் சான்று. 1954-இல் அங்கே கடலடியில் இடப்பட்ட 100 கிலோவோல்ட் நேர்த்திசைக் கேபிளில் இருந்தது எண்ணெய்ப் பசையில் ஊறிய காகிதம். அதே தீவில் பலபடிக் காப்புள்ள நேர்த்திசைக் கேபிள் வந்தது 1999-இல்தான். அழுத்தம் 80 கிலோவோல்ட், நீளம் சுமார் 70 கி.மீ. பழைய தைரிஸ்டர் நிலையங்களில் மின்சாரம் செல்லும் திசையை மாற்ற, கேபிளின் முனைகளை மாற்றவேண்டும். 1990-களில் வந்த டிரான்சிஸ்டர் வகை மாற்றிகள் மின்னோட்டத்தின் திசையை மட்டும் மாற்றின; முனைகள் அப்படியே இருந்தன. பலபடிக்கு வழி திறந்தது அதனால்தான். நம் புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2021-இல் தொடங்கிய 320 கிலோவோல்ட் இணைப்பும் இவ்வகையே. அதில் கேரளப் பகுதியில் ஒரு பங்கு நிலத்தடிக் கேபிள்.

தங்கியதைக் கண்ணால் காண முடியாது, காதால் கேட்கலாம். 1980-களில் ஜப்பானியர் உருவாக்கிய முறையில், மிகக் குறுகிய மின்துடிப்பு ஒன்றைக் கொடுப்பர். சிக்கியிருக்கும் மின்னூட்டம் சற்றே அசைந்து ஒலியலையை எழுப்பும். அலை வந்து சேரும் நேரத்தைக் கொண்டு அது எந்த ஆழத்தில் இருக்கிறதெனக் குறிப்பர்.

இன்னொரு செய்தி மாறுதிசைக் கேபிள்களைப் பற்றியது. காகிதக் கேபிளைச் சோதிப்பதுபோலவே, பல்லாண்டு உழைத்த பாலித்தீன் கேபிளையும் உயர் நேர்த்திசை அழுத்தத்தில் சோதித்து வந்தனர். சோதனையில் தேறிய கேபிள், மாறுதிசை மின்சாரம் கொடுத்த பின் பழுதானதும் உண்டு. சோதனை தங்கவைத்த மின்னூட்டமே பழைய கேபிளின் நலிந்த இடங்களைத் தாக்கியது. இப்போது அதற்கு 0.1 ஹெர்ட்ஸ் அளவிலான மெதுவான மாறுதிசை அழுத்தத்தைப் பயன்படுத்துகின்றனர்.

எங்கள் ஆய்வகத்தில் அந்த மின்தேக்கியின் முனைகளை, அடுத்தவர் கையில் எடுக்கும்வரை கம்பியால் இணைத்தே வைத்திருக்கிறோம்.