வால் சிறியது, வேலை பெரியது

கொடைக்கானல் மலையின் சரிவில் உள்ள வெள்ளகவிக்கு நெடுங்காலமாக ஒற்றையடிப் பாதைதான் வழி. பலசரக்கு மூட்டைகள் தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலும் போய்ச் சேர்ந்தன. இதே சுமை வேலை நம் உடலுக்குள்ளும் ஓயாது நடக்கிறது என்றால் நம்புவீர்களா?

முதுகுத் தண்டிலிருந்து பாதம் வரை நீளும் ஒரு நரம்புச் செல்லின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை மேலே, செல்லின் உடற்பகுதியில் தயாராகின்றன. அங்கிருந்து விரைவுச் சரக்குகள் நாளொன்றுக்கு 20 முதல் 40 செ.மீ. வரை கீழே பயணம் செய்கின்றன.

சுமப்பது கைனசின் என்னும் புரதம். 1985ஆம் ஆண்டில் ரொனால்டு வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாயின் பருத்த நரம்பை ஆராய்ந்தபோது இதைக் கண்டறிந்தனர். அதற்கு இரண்டு கால்கள். அறிவியலார் அவற்றைத் 'தலைகள்' என்கிறார்கள். தலையால் நடக்கும் பிராணி என்று நாங்கள் சிரித்தோம். ஓர் அடி 8 நானோமீட்டர். அடிக்கு ஓர் ஏ.டி.பி. மூலக்கூறு கூலி.

அது நடக்கும் பாதை, டியூபுலின் என்ற புரதத்தால் கட்டப்பட்ட நுண்குழல். ஒவ்வொரு டியூபுலினிலும் சிறு வால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் குளுட்டாமிக் அமிலம் மிகுதி. ஆகவே எதிர்மின்னூட்டம் உடையது. கைனசினின் கழுத்தருகே நேர்மின்னூட்டம். காந்தத் துண்டுகளைப் போல இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. நொதியைக் கொண்டு வால்களை நறுக்கிவிட்டால் கைனசின் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் சிறிது தூரத்திலேயே பாதையை விட்டுக் கழன்றுவிடுகிறது.

இந்த வால்களில் செல் மேலும் குளுட்டாமிக் அமிலங்களை ஒட்டவைக்கும். நுனியிலுள்ள டைரோசினை நீக்கும். வாலை மாற்றினால் சில மோட்டார் புரதங்களின் வேகமும், அவை கடக்கும் தூரமும் மாறுகின்றன என்று மின்ஹாஜுதீன் சிராஜுதீன், வேல் முதலியோர் 2014இல் காட்டினர். சிராஜுதீன் பின்னர் பெங்களூரில் இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனத்தில் இதே துறையில் ஆய்வைத் தொடர்ந்தார்.

கைனசினுக்கும் சொந்தமாக ஒரு வால் உண்டு. சுமை இல்லாத வேளையில் அது மடங்கி வந்து தலைகளைத் தடுத்துவிடும். வெறுமனே நடந்து ஏ.டி.பி.யை வீணாக்காத இந்தச் சிக்கனம் எங்கள் விடுதிச் சகோதரிகளுக்கு மிகவும் பிடிக்கும்! ஆனால் விஷயம் விளையாட்டன்று. ஸ்டீபன் ஹாக்கிங்கை வாட்டிய ஏ.எல்.எஸ். நோய், சிலருக்குக் கைனசின் வகை ஒன்றின் வாலில் ஏற்படும் மரபணு மாற்றத்தால் வருவதாக 2018இல் தெரிந்தது. மாறிய வால் சரியாக மடங்குவதில்லை. ஓய்வறியாத கைனசின்கள் நரம்பிழையின் நுனிவரை ஓடி, அங்கே கட்டி கட்டியாகத் திரண்டுவிடுகின்றன.