ஒரு கல்லுக்கு 24 மணி நேரம்

கேள்வி: ‘டஞ்சன் கீப்பர்’ விளையாட்டு கைபேசிக்கு வந்தபோது பழைய ரசிகர்களே ஏன் கொதித்தார்கள்?

பதில்: புல்ஃப்ராக் நிறுவனம் உருவாக்க, 1997-ல் வெளிவந்த மூல விளையாட்டில் நீங்கள்தான் பாதாளத்தின் எஜமான். குட்டிச்சாத்தான்கள் பிக்காசால் மண்ணை வெட்டித் தள்ளும். சுணங்கினால் ஓர் அறை விடலாம், பறந்துகொண்டு வேலை செய்யும். அந்தச் சுறுசுறுப்புதான் அதன் உயிர். 2014-ல் இ.ஏ. நிறுவனம் கொண்டுவந்த கைபேசி வடிவத்திலோ, கெட்டியான ஒரே ஒரு கல்லை உடைக்க 24 மணி நேரம்! பொறுக்க முடியாதவர், காத்திருப்பைக் குறைக்கும் ரத்தினங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. விளையாட்டைப் பூட்டிவைத்துச் சாவியை விற்றால் கோபம் வராதா? ‘இலவசம்’ என்ற விளம்பரம் தவறாக வழிநடத்துகிறது என்று பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பும் அதே ஆண்டு சொன்னது. பழைய ருசி வேண்டுமா? ரசிகர்கள் நிதி கொடுத்து உருவாகி 2015-ல் வந்த ‘வார் ஃபார் தி ஓவர்வேர்ல்ட்’ விளையாட்டை ஆடிப் பாருங்கள்.