பிள்ளைக்காகப் பேசப் பழகுவோம்

"எம்புள்ளைக்குக் காது கேக்காதுன்னு ஸ்கூல்ல சேக்க மாட்டேங்கிறாங்க" என்று கண்ணீரோடு சொல்லுகிறவர்களிடம் நான் முதலாவது கேட்பது, "அதை எழுதிக் கொடுத்தாங்களாம்மா?" என்பதே. அநேகமாய் வாய்வார்த்தைதான்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவைக் கவனியுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலாகிலும் விரும்பும் சிறப்புப் பள்ளியிலாகிலும் இலவசக் கல்வி உண்டு. இது தயவல்ல, உரிமை.

வாசித்தால் மட்டும் போதாது. பேசிப் பழக வேண்டும். நம் கூடுகையில் ஒருவர் தலைமையாசிரியராக உட்காரட்டும். தாயார் விண்ணப்பத்தை நீட்டி, "முடியாதுன்னா காரணத்தை எழுதிக் கொடுங்க சார்" என்று சொல்லட்டும். முதல் தரம் நாக்கு குழறும், பரவாயில்லை. எழுதித் தர மறுத்தால் விண்ணப்பத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடும்போது அதுவே கைகொடுக்கும்.

பிள்ளை இல்லாதவர்களும் வாருங்கள். தாயோடு துணைக்குப் போக ஆள் வேண்டும். கூடப் போய்ச் சத்தம்போடுகிறவர் வேண்டாம். யார், என்றைக்கு, என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்ளுகிறவரே தேவை.

வரும்போது ஊனச் சான்றிதழின் ஜெராக்ஸ் இரண்டு எடுத்து வாருங்கள்.