கம்பியைக் கழற்றுவதற்கு முன்

அன்புள்ள மருமகளுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை ராஜபாளையத்தில் என் மேஜையில் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தாய். கையில் ஆர்டுயினோ உனோவும் எச்.சி-05 ப்ளூடூத் மாட்யூலும் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த மாட்யூலால் முடியாது. அது எட்டுவது ஏறக்குறைய பத்து மீட்டர். நம் இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. ஆனால் மாடியிலிருந்து கீழே போனுக்கு வரவழைக்கலாம். முதலில் அதைச் செய். அது சரியாக வந்துவிட்டால், தூரத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் மாட்யூலை மாற்றி ஆன்டெனாவை உயர்த்துகிற வேலைதான்.

ப்ளூடூத்தின் தொடக்கமே கம்பியை ஒழிப்பதில்தான் இருக்கிறது. 1994-இல் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் அந்த வேலையை ஆரம்பித்தபோது, அன்று கருவிகளை இணைத்துக்கொண்டிருந்த ஆர்.எஸ்.-232 சீரியல் கேபிளுக்கு மாற்று தேடினார்கள். எச்.சி-05 இன்றும் அதைத்தான் செய்கிறது. ஒரு பக்கம் சீரியலாக வாங்கி, காற்றில் அனுப்பி, மறுபக்கம் சீரியலாகவே கொடுக்கும். ஆகவே வயர்லெஸ்ஸில் வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி, கடைசியில் பார்த்தால், வயரில் இருக்கும்.

சீரியலில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஓர் எழுத்துக்கு எட்டு பிட், முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட், ஆக மொத்தம் பத்து. வேகம் 9600 என்றால் ஒரு விநாடிக்கு 960 எழுத்து. ஒவ்வொரு பிட்டும் சுமார் 104 மைக்ரோவிநாடி நிற்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. இருவரும் ஒரே வேகம் என்ற ஒப்பந்தத்தில்தான் எல்லாம் நடக்கிறது. திரையில் கட்டமும் கேள்விக்குறியுமாகக் குப்பை கொட்டினால் முதலில் வேகத்தைப் பார். ஒன்றுமே வராவிட்டால் வயரைப் பார். போன் பக்கம் இந்த வேகத்தை வைக்க வேண்டியதில்லை. போர்டும் மாட்யூலும் பேசிக்கொள்ளும் இடத்தில்தான் அது தேவை.

இனி வயர். போர்டின் டி.எக்ஸ். (அனுப்பும் பின்) மாட்யூலின் ஆர்.எக்ஸுக்கு (வாங்கும் பின்) போக வேண்டும், மாட்யூலின் டி.எக்ஸ். போர்டின் ஆர்.எக்ஸுக்கு வர வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க வேண்டும் அல்லவா? ஜி.என்.டி. (கிரவுண்ட்) இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். தனி பேட்டரி போடுகிறவர்கள் பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மாட்யூலைத் திருப்பிப் பார். 3.6 முதல் 6 வோல்ட் என்று ஒரு வரியும், லெவல் 3.3 வோல்ட் என்று இன்னொரு வரியும் அச்சாகியிருக்கும். முதல் வரி மின்சாரம் வாங்கும் வி.சி.சி. பின்னுக்கு மட்டும். அங்கே ரெகுலேட்டர் இருப்பதால் உனோவின் 5 வோல்ட்டைத் தைரியமாகக் கொடு. ஆர்.எக்ஸ். பின்னுக்கு அந்தக் காவல் இல்லை. உனோவோ 5 வோல்ட்டில் பேசும். நேராகக் கோத்தால் உடனே ஒன்றும் ஆகாமல் ஓடினாலும் ஓடும். அதை நம்பாதே. உனோவின் டி.எக்ஸிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக மாட்யூலின் ஆர்.எக்ஸுக்குப் போ. அதே முனையிலிருந்து 2 கிலோஓம் ஒன்றை ஜி.என்.டி.க்கு இறக்கு. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 வோல்ட், மாட்யூலுக்குக் கிடைக்கும். 2 கிலோஓம் கையில் இல்லையென்றால் இரண்டு 1 கிலோஓமைத் தொடராகப் போடு. திரும்பி வரும் பாதையில் ரெசிஸ்டர் தேவையில்லை. 5 வோல்ட்டில் ஓடும் உனோவின் சிப் 3 வோல்ட்டுக்கு மேல் வந்தாலே அதை ஒன்று என்று எடுத்துக்கொள்ளும்.

போர்டோடு இணைக்கும் முன் மாட்யூலைத் தனியாகச் சோதித்துவிடு. வி.சி.சி.யும் ஜி.என்.டி.யும் மட்டும் கொடுத்து, அதன் டி.எக்ஸையும் ஆர்.எக்ஸையும் ஒரு ஜம்பர் வயரால் ஒன்றோடொன்று சேர். விளக்கு வேகமாகக் கண்சிமிட்டும். ஆண்ட்ராய்டு போனில் ஜோடி சேர்க்கும்போது கேட்கும் எண் பெரும்பாலும் 1234. சீரியல் டெர்மினல் செயலியில் இணைந்ததும் சிமிட்டல் மாறி, இரண்டிரண்டாக இடைவெளி விட்டு வரும். இப்போது எதையாவது தட்டு. தட்டியது அப்படியே திரும்பி வந்தால் போன், காற்று, மாட்யூல் மூன்றும் சரி. அதன்பிறகு வருகிற கோளாறு எல்லாம் போர்டு பக்கம்தான். ஐபோனில் இந்த மாட்யூல் சேராது, அதில் முயன்று நேரத்தைப் போக்காதே.

உனோவில் ஆர்.எக்ஸ்., டி.எக்ஸ். என்று அச்சாகியிருக்கும் 0, 1 பின்களை விட்டுவிடு. யு.எஸ்.பி.யும் அதே பாதையைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே மாட்யூலைக் கோத்தால் புரோகிராம் ஏறாது. 10, 11 பின்களில் சாஃப்ட்வேர் சீரியல் வைத்துக்கொண்டு, அவற்றையே மேலே சொன்ன போர்டின் ஆர்.எக்ஸ்., டி.எக்ஸாக எடுத்துக்கொள். சாஃப்ட்வேர் சீரியல் 9600-க்கு நன்றாகத் தாங்கும், 115200-க்குத் தாங்காது.

இனி நீ கேட்ட தூரம். அதற்குத் தொலைதூர ரேடியோவான லோரா மாட்யூல் வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் சீரியலில் பேசும் வகையும் கிடைக்கிறது. வாங்கும்போது அலைவரிசையைக் கேட்டு வாங்கு. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை, குறிப்பிட்ட மின்திறனுக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-இல் அனுமதித்தார்கள். 915 அமெரிக்காவுக்கானது. மலிவாகக் கிடைக்கிறது என்று இங்கே வாங்கி ஓட்டக்கூடாது.

லோரா பத்துக் கிலோமீட்டர் போகும் என்று பெட்டியில் போட்டிருப்பதை உயரத்தோடு சேர்த்துப் படி. நம் இரண்டு ஊருக்கும் நடுவழியில், ஆன்டெனாவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோட்டைச் சுற்றி சுமார் 30 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவி நிற்கும். அதில் பாதிக்கு மேலாவது தென்னையும் கட்டடமும் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு வீட்டு மாடிகள் அதற்குப் போதாது.

எனக்கு இதில் அக்கறை உன் தொட்டியை விட மேற்கே மலையடிவாரத்துத் தோப்புகள் மேல்தான். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமான காடு அங்கேயே தொடங்குகிறது. யானை இறங்குகிற இடம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க ராத்திரியில் டார்ச்சோடு ஒருவர் அங்கே நடக்கிறார். வீட்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். கிணற்றடியில் ஒரு கம்பம் நட்டு ஆன்டெனாவை உயர்த்தினால் லோராவுக்கு எட்டும். உன் முதல் தூர வேலை அதுவாக இருந்தால் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ப்ளூடூத்தில் இல்லாத ஒரு கவனம் அங்கே வேண்டும். ப்ளூடூத் தொலைந்ததைத் தானே மறுபடி அனுப்பிக்கொள்ளும். சாதாரண லோரா மாட்யூல் அப்படிச் செய்யாது. ஒவ்வொரு செய்தியிலும் தண்ணீர் அளவோடு ஒரு வரிசை எண்ணையும் சேர். 41-க்குப் பிறகு 43 வந்தால் ஒன்று போய்விட்டது என்று தெரியும். ஐந்து நிமிடமாக எண் மாறவே இல்லையென்றால் பழைய அளவைக் காட்டிக்கொண்டிருக்காமல் ‘செய்தி இல்லை’ என்று திரையில் போடு. பழைய அளவை நம்பி வெறும் கிணற்றில் மோட்டாரைப் போட்டால் மோட்டார் போய்விடும்.

லோரா மாட்யூல்களில் சில 115200 வேகத்தில் வரும். யு.எஸ்.பி.-சீரியல் கன்வெர்ட்டரில் மாட்டி 9600-க்கு இறக்கிய பிறகு உனோவில் கோத்துக்கொள். அதே இரண்டு ரெசிஸ்டர் இதற்கும் வேண்டும். ஆன்டெனாவைத் திருகி மாட்டிய பிறகுதான் பவர் கொடுக்க வேண்டும். மாட்டாமல் அனுப்பினால் சக்தி திரும்பி வந்து சிப்பையே கெடுத்துவிடக்கூடும்.

ஜம்பர் சோதனையில் என்ன வந்தது என்று எழுது.

அன்புடன்,
மாமா,
ராஜபாளையம்