நுண்ணறிவை அளக்க முடியுமா?

நுண்ணறிவு என்பது யாது? நிறையச் செய்திகளை மனத்தில் தேக்கி வைப்பதா? விரைவாக விடை கூறுவதா? இவ்வினாவிற்கு அறிஞர்கள் பலவாறு விடை தேடியுள்ளனர்.

1905ஆம் ஆண்டு பாரிசில் ஆல்ஃபிரட் பினே என்னும் உளவியல் அறிஞர், தியோடர் சிமோனுடன் சேர்ந்து 30 சோதனைகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தார். படிப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவுவதே அதன் நோக்கம். 1912இல் ஜெர்மானிய அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுக்கும் முறையைக் கூறினார். பின்னர் அந்த ஈவை 100ஆல் பெருக்கினர். அக்கணக்கின்படி, 10 வயதினருக்குரிய சோதனைகளில் தேறும் 8 வயதுச் சிறுமியின் நுண்ணறிவு ஈவு 125 ஆகும். ஆனால், அறிவு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இந்த எண் கூறுவதில்லை.

இதனை விளங்கிக்கொள்ளத் தகவல் கோட்பாடு துணைபுரிகிறது. 1948இல் இதனை வகுத்தவர் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன். ஐயம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவே நாம் பெறும் தகவல் என்றார் அவர். சம வாய்ப்புள்ள இரண்டில் எது என்று தெரிவிக்கும் விடை ஒரு ‘பிட்’ தகவலாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1 முதல் 64 வரையுள்ள எண்களில் ஒன்றைத் தோழி நினைத்துக்கொள்கிறாள். ‘ஒன்றா? இரண்டா?’ என்று கேட்டுக்கொண்டே போனால் 63 கேள்விகள்கூடத் தேவைப்படலாம். ‘32க்கு மேற்பட்டதா?’ என்று தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்தால் ஆறே கேள்விகளில் எண் அகப்பட்டுவிடும். ஆகவே, நல்ல கேள்வி கேட்பதும் நுண்ணறிவின் அடையாளமே.

1956இல் வெளிவந்த தம் நூலில் இங்கிலாந்து மனநல மருத்துவர் ராஸ் ஆஷ்பி மற்றோர் உண்மையை விளக்கினார். சூழ்நிலை எத்தனை வகையாக மாறுகிறதோ, அவற்றுக்கு ஈடுகொடுக்க அத்தனை வகையான மாற்றுச் செயல்கள் ஓர் அமைப்புக்கு வேண்டும். நம் உடல் வெயிலில் வியர்த்தும் குளிரில் நடுங்கியும் தன் வெப்பத்தைச் சுமார் 37 டிகிரி செல்சியசில் காத்துக்கொள்கிறதன்றோ! ஒரே விடையை நெட்டுருப் போட்டவள், வினா சற்று மாறியதும் திகைப்பதற்கும் இதுவே காரணம்.

மாணவியும் தனித்து நிற்பவள் அல்லள். வீடு, வகுப்பறை, ஆசிரியை, தோழியர் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஓர் அமைப்பின் உறுப்பு அவள். ‘இவள் மந்தம்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அவள் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடக்கூடும். நுண்ணறிவு மாறாத அளவுடையது என்ற கருத்தைப் பினே 1909இலேயே மறுத்து, பயிற்சியால் அது வளரும் என்று வாதிட்டார்.

எனவே, அன்புத் தோழியரே, திருத்தி வந்த விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். எங்கே தவறினோம் என்று காட்டும் தகவலும் அதில்தான் இருக்கிறது. அதைக் கண்டு திருத்திக்கொள்வோம். விளங்காததைத் தயங்காமல் கேட்போம்.